சிறுவயது மாயநாவலை ஒவ்வொரு குளிர்காலமும் மறுபடி வாசிப்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகருக்கு முழுமையான வழிகாட்டி

சென்ற ஜூன் மாதம் என் தோழி ஒருத்தி, பதினோரு வயதில் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்த நாவலை மறுபடி எடுத்தாள். இரண்டே இரவில் முடித்துவிட்டாள். "நன்றாகத்தான் இருந்தது அக்கா, ஆனால் அன்றைக்கு வந்தது இன்றைக்கு வரவில்லை" என்றாள். குறை புத்தகத்தில் இல்லை, அவளிடமும் இல்லை. நாள் குறிக்காமல் தொடங்கி ஒரே மூச்சில் விழுங்கிவிட்டாள். ஆண்டுதோறும் செய்கிற வாசிப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதை அறியாமல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இது இருபத்திரண்டாவது குளிர்காலம். என் புத்தகம் சூசன் கூப்பர் எழுதி 1973இல் வெளிவந்த 'தி டார்க் இஸ் ரைசிங்'. எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன். உங்கள் புத்தகம் வேறாக இருக்கலாம். படிகளின் வரிசை மாறாது.

முன்கூட்டியே வேண்டியவை: புத்தகத்தின் ஒரு பிரதி, மெல்லிய பென்சில், சுவர் நாட்காட்டி, கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. இவற்றோடு பதினேழு மாலைகள், ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம். கடைசியில் சொன்னதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பழைய புத்தகமும் இதற்கு ஒத்துவராது. நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் அதைப் படித்தீர்களா? கண்ணை மூடினால் அதிலிருந்து ஓர் இடமாவது தெரிகிறதா? ஓர் அறை, ஒரு பாதை, ஒரு கதவு போதும். மூன்றாவதாக, இரண்டரை வாரத்தில் நிதானமாக முடிக்கக்கூடிய அளவா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கதை மறந்துபோயிருந்தால் தவறில்லை. இடம் மறந்துபோயிருந்தால் திரும்பிப் போவதற்கு ஊரே இல்லை. என் புத்தகத்தில் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது சமையலறை வானொலி. வில் ஸ்டான்டன் என்ற சிறுவன் அதன் அருகே போனால் அது கரகரக்கிறது, விலகினால் சரியாகிவிடுகிறது. முயல்களும் அவனைக் கண்டு ஒதுங்குகின்றன. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. நாளை அவனுக்குப் பதினொன்று நிறைகிறது, அவ்வளவுதான். அதைப் படித்த நாளில் எனக்கும் அதே வயது. எங்கள் வீட்டு வானொலிக்கு அருகே போய் நின்று பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை, ஐந்தாறு பாகம் கொண்ட தொடர் முழுவதையும் எடுத்துக்கொள்வது. நான் சொல்லும் நாவலே ஐந்து புத்தகத் தொடரில் இரண்டாவது. முதல் புத்தகம் 1965இல் வந்தது. அது கோடைக்காலக் கதை, வில் அதில் வருவதே இல்லை. வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்று தொடங்கியவர்கள் குளிர்காலக் கதைக்கு வந்து சேர்வதற்குள் சோர்ந்துவிட்டார்கள். தொடரை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் போதும். ஆண்டுதோறும் வாசிக்க ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்புலிமாமாவிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த தொடர்கதைதான் உங்கள் வீட்டுப் பொக்கிஷம் என்றால், அது இன்னும் எளிது. பகுதி பிரிக்கும் வேலையைப் பத்திரிகையே செய்து வைத்திருக்கிறது.

2. பிரதி

சிறுவயதில் படித்த அதே பிரதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், சுருக்கப்படாத எந்தப் பதிப்பும் போதும். வாங்கும் முன் சிறுவர் சுருக்கப் பதிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நாவலும் ஒரே கட்டாக வரும் கனமான பதிப்பைத் தவிர்ப்பது நல்லது. படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது, எழுத்தும் சிறியது.

ஒருமுறை தேர்ந்த பிரதியை மாற்ற வேண்டாம். பென்சில் குறிகளும் பக்க எண்களும் ஆண்டுக்காண்டு அதில்தான் சேரும். நூலகத்திலிருந்து எடுத்து வந்து செய்தால் இந்தச் சேமிப்பு நடக்காது.

3. நாட்கணக்கு

அதிகம் பேர் இடறி விழும் படி இது. இதைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாக அமையும்.

என் நாவல் டிசம்பர் 20இல் தொடங்குகிறது. மறுநாள் நடுக்குளிர் நாள். வடக்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல். கதை நடக்கும் இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றங்கரையில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கதை கிறிஸ்துமஸைத் தாண்டி, 'பன்னிரண்டாம் இரவு' என்று அவர்கள் கொண்டாடும் நாள்வரை போகிறது. அதாவது ஜனவரி முதல் வாரம். வடகோளத்தில் இருப்பவர்கள் அந்த நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். நமக்கு அப்படி இல்லை.

இங்கே மூன்று விதமாக முயன்று பார்க்கிறார்கள். சிலர் புத்தகத்தின் தேதிப்படி டிசம்பரிலேயே படிக்கிறார்கள். மின்விசிறி சுற்ற, கழுத்தில் வேர்வை வழிய, வீடு நிறைய விடுமுறை விருந்தினர் இருக்க, உறைந்த கிராமத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் உள்ளே போக முடியாது. சிலர் 'குளிர் வரட்டும்' என்று காத்திருக்கிறார்கள். டர்பனில் குளிர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தெற்கிலிருந்து ஒரு குளிரலை வந்து இரண்டு நாளில் போய்விடும், மூன்றாம் நாள் வெயில் அடிக்கும். காத்திருந்தவர்கள் ஆகஸ்டில் கைவிடுவார்கள்.

மூன்றாவது வழிதான் சரி. ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். நம்முடைய குறுகிய பகல் ஜூன் 20 அல்லது 21இல் வருகிறது. டர்பனில் அன்று மாலை ஐந்தைத் தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் இறங்கிவிடும். புத்தகத்தின் டிசம்பர் 20, நமக்கு ஜூன் 20. அங்கே கிறிஸ்துமஸ் என்றால் இங்கே ஜூன் 25.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. டிசம்பருக்கு 31 நாள், ஜூனுக்கு 30. ஜூன் 30 வரை தேதிகள் ஒத்துப்போகும். அதன்பின் புத்தகத்தின் டிசம்பர் 31 நமக்கு ஜூலை 1 ஆகிவிடும். ஜனவரி 1க்கு ஜூலை 2. பன்னிரண்டாம் இரவை ஜனவரி 5 என்று கொண்டால், அது ஜூலை 6. முதல் மூன்று ஆண்டுகள் நான் இதைக் கவனிக்கவில்லை. ஜூலை 5இல் முடிக்கப் பார்த்து, கடைசி இரண்டு நாள் பங்கையும் ஒரே இரவில் திணித்தேன். பனி உருகி வெள்ளமாகும் இடமும் இறுதி வேட்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டும் கெட்டன. அதனால் தேதியைப் பார்க்காதீர்கள், நாளை எண்ணுங்கள். ஜூன் 20 முதல் நாள், ஜூலை 6 பதினேழாம் நாள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். உங்கள் ஊரில் புல்லின்மேல் உறைபனி விழும். எங்களுக்கு அது இல்லை. ஆனால் பகல் குறுகுவது எல்லோருக்கும் பொது. இந்த வாசிப்பைத் தாங்கி நிற்பது குளிரைவிட இருட்டுதான்.

தேதியை மாற்றுவது கதைக்குச் செய்யும் துரோகம் என்று ஒருவர் என்னிடம் வருந்தினார். நாம் இதற்குப் புதியவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று சொல்லித் தருகிறோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் மாம்பழம் விற்கிறார்கள், தார்ச்சாலை கொதிக்கிறது. பாட்டில் ஒரு பருவம், வாசலில் ஒரு பருவம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே வாழ்ந்து வருகிறோம். புத்தகத்தின் பருவத்தையும் வாசலின் பருவத்தையும் ஒன்றாக்க ஆண்டில் பதினேழு நாள் கிடைக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

ஜூலை 6ஐத் தாண்டித் தள்ளக் கூடாது என்பதற்கு வீட்டுக் காரணமும் உண்டு. ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வேலை தொடங்கினால் எந்த மாலையும் நம் கையில் இருக்காது.

4. பங்கு பிரித்தல்

பக்கங்களைப் பதினேழால் வகுக்காதீர்கள். என் பிரதியில் சராசரி நாளுக்குப் பதினைந்து பக்கம் வரும். ஆனால் கதை அப்படி ஓடுவதில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களும் முதல் இரண்டு நாளுக்கு என்று தெளிவாக இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் கதை மிக நீளமாகிறது: பாட்டுக் குழுவோடு பெரிய மாளிகைக்குப் போகிறார்கள், அங்கிருந்து வேறொரு காலத்துக்கே கதவு திறக்கிறது. அதற்குப் பிறகு நாட்கள் மங்குகின்றன. பனி மூடிய ஊரில் எது செவ்வாய், எது புதன் என்று யாருக்கும் தெரியாததுபோல.

அதனால் இப்படிச் செய்யுங்கள். புத்தகத்தைப் படிக்காமல், பக்கம் பக்கமாகக் கண்ணோட்டம் விட்டு, நாள் மாறும் இடங்களை மட்டும் தேடுங்கள். 'மறுநாள் காலை', 'அன்று இரவு' போன்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் நாளின் எண்ணை எழுதுங்கள். மங்கிய நாட்களை அத்தியாய முடிவுகளில் வெட்டிக்கொள்ளலாம். பேனா கூடாது. முதல் ஆண்டு போட்ட குறிகளில் பாதியை மூன்றாம் ஆண்டுக்குள் மாற்றியிருப்பீர்கள்.

கனமான நாட்களை நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். எனக்கு அவை ஜூன் 24, 25. அந்த இரண்டு மாலையும் எந்த அழைப்பையும் ஏற்பதில்லை. பள்ளி விடுமுறையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆண்டுக்காண்டு நகரும். 2024இல் ஜூன் 14 அன்றே பள்ளி மூடினார்கள். 2025இல் ஜூன் 27 வரை நடந்தது. தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதல் வாரப் பங்கைப் படுக்கைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாவலில் தேதியே இல்லையா? அத்தியாயங்களை எண்ணிக்கொள்ளுங்கள், ஜூன் 20இல் தொடங்குங்கள், நாளுக்கு ஒன்று. நீளமான அத்தியாயத்தை இரண்டாக்கலாம்; குட்டையானவை இரண்டை ஒன்றாக்க வேண்டாம். குறைவாகப் படிக்கும் நாள்தான் மறுநாளுக்குப் பசியை வைக்கிறது.

5. ஜூன் 16: ஆயத்த நாள்

இளைஞர் தின விடுமுறை தொடக்கத்துக்கு நான்கு நாள் முன்பாக வருவது வசதி. அன்று புத்தகத்தை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். முதுகு பிரிந்திருந்தால் பசை தடவிக் காயப் போடுங்கள். உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். பதினேழு நாளும் ஒரே இடம், ஒரே நாற்காலி. இரண்டாம் மூன்றாம் ஆண்டிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே மனம் அடங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். 2022 ஜூன் கடைசியில் மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனது. வாசிப்பின் நடுவில், புத்தகத்தில் ஊரே விறைத்துக் கிடக்கும் பகுதியில் நான் இருந்தேன். மின்கலத்தில் எரியும் விளக்கு ஒன்று மேசையில் தயாராக இருந்ததால் வாசிப்பு நிற்கவில்லை. மெழுகுவத்தியில் படிப்பது அழகாகத் தோன்றும், ஆனால் கண்ணுக்கு ஆகாது. பழைய தாளுக்குப் பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

தின்பதற்கு நார்ச்சி என்னும் சிறு ஆரஞ்சு. ஜூனில் தெருமுனையில் பை பையாக விற்கும். நம் நாரத்தையிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் உரித்த கையோடு பக்கத்தைத் தொடாதீர்கள். என் பிரதியின் இரண்டாம் அத்தியாயத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. தாள் அங்கே கண்ணாடிபோல் ஆகி, மறுபக்க எழுத்து தெரிகிறது. தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய் செய்த வேலை அது. முதலில் தின்று, கை கழுவித் துடைத்து, பிறகு திறங்கள்.

வெண்பனி தேடிப் பயணம் போக வேண்டாம். ஓர் ஆண்டு ட்ராகன்ஸ்பெர்க் மலைப்பக்கம் அறை எடுத்துப் போனோம். பனி விழவில்லை. வண்டி, சாப்பாடு, குளிருக்கு உடுப்பு என்று அலைந்ததில் மூன்று நாள் பங்கு விட்டுப்போனது. அதே மலைகளில் 2024 செப்டம்பரில், வசந்தம் பிறந்த பிறகு, நெடுஞ்சாலையையே மூடும் அளவுக்குக் கொட்டியது. பனி நம் நாட்காட்டிக்கு வராது. இருட்டு தவறாமல் வரும்.

6. முதல் மாலை

ஜூன் 20 மாலை. சூரியன் மறைந்ததும் காமாட்சி விளக்கை ஏற்றுங்கள், தேநீர் போடுங்கள், உட்காருங்கள். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. விளக்கு வைக்கும் நேரம் நம் வீடுகளில் ஏற்கெனவே ஓர் எல்லைக்கோடு. அதன்பின் உரக்கப் பேசுவதில்லை, பெருக்குவதில்லை. புதிதாக ஒரு பழக்கத்தை உருவாக்குவதைவிட, இருக்கும் பழக்கத்தின் தோளில் ஏற்றிவிட்டால் நிலைக்கும்.

முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். தனியாக இருந்தாலும்தான். மனப்பாடமான பக்கத்தைக் கண் தாவிக்கொண்டு போகும்; நாக்குக்குத் தாவத் தெரியாது.

அன்றைய பங்கு முடிந்ததும் மூடிவிடுங்கள். முதல் மாலைதான் மீறத் தூண்டும். வெளியே பனி கொட்டத் தொடங்க, மாடிக் கூரைச் சன்னல் உடைந்து பனி உள்ளே சரிய, நாளை என்ன ஆகும் என்று அத்தியாயம் நிற்கும். என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் ஓர் இரவு காத்திருங்கள். அந்தச் சிறுவனும் அன்றிரவு காத்திருந்தான். நீங்களும் அவனும் ஒரே இரவில் படுக்கிறீர்கள். தோழிக்கு வராமல் போனது இதுதான்.

7. நடு நாட்கள்

இங்கே இரண்டே விதி.

முந்திப் படிக்கக் கூடாது. விடுமுறை நாளில் நேரம் மிஞ்சினால் அன்றைய பங்கையே இரண்டாம் முறை படியுங்கள்.

ஒரு நாள் தவறினால், மறுநாள் தவறிய பங்கைக் காலையிலும் அன்றைய பங்கை மாலையிலும் படியுங்கள். இரண்டு நாள் தவறினால் முதல் நாளின் பங்கை விட்டுவிடுங்கள். மனத்தால் நினைத்துக்கொண்டு, இன்றைய நாளில் சேர்ந்துகொள்ளுங்கள். இது மறுவாசிப்பு, கதை கை நழுவாது. விட்டதையெல்லாம் பிடிக்க ஓடுகிறவர்கள் பத்தாம் நாள் வாக்கில் மூச்சு வாங்கி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் ஜூலை 6 என்பது மட்டும் அசையக் கூடாது.

இந்த நாட்களில் திரைப்படம் பார்க்காதீர்கள். என் நாவலை 2007இல் படமாக்கினார்கள். அதில் வில் அமெரிக்கச் சிறுவன், வயது பதினான்கு. படம் எப்படி என்பது இங்கே பேச்சல்ல. ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால், நீங்கள் பதினோரு வயதில் உருவாக்கிய முகம் சில வாரம் எழுந்து வராது.

8. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுதல்

நான்காண்டுகளாக என் தம்பி மகள் என்னோடு உட்காருகிறாள். அவள் ஆங்கிலத்தில் படிப்பாள். நான் அன்றைய பங்கைத் தமிழில் திரும்பச் சொல்வேன். தமிழ் வகுப்பில் வாராவாரம் கற்பதைவிட இந்தப் பதினேழு நாளில் அவள் அதிகம் பேசுகிறாள். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சொற்களை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் தடுமாறினால் பிள்ளை ஆங்கிலத்துக்குப் போய்விடும். கதையில் மோதிக்கொள்ளும் இருள், ஒளி, ஒளியின் பக்கம் நிற்கும் மூத்தோர், சின்னம் ஆகியவை எளிதில் அமைந்தன. சிக்கல் கொடுத்தது பனி. "பனி பெய்தது" என்றதும், "புல்லில் காலையில் இருக்குமே, அந்த ஈரமா அத்தை?" என்று கேட்டாள். நம் சொல் பனித்துளிக்கும் மூடுபனிக்கும் பழகிய சொல். நான் 'வெண்பனி' என்று வைத்துக்கொண்டேன். சொல் மட்டும் போதவில்லை. பழைய குளிர்பெட்டியின் உறைவறைச் சுவரில் படிந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். மூடித் திறந்தாள். நீர் மணிக்கட்டு வழியாக ஓடியது. "இதுவா வீட்டை மூடுகிற அளவுக்கு?" என்றாள். அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது காக்கை. புத்தகத்தில் ரூக் என்னும் கரும்பறவைகள் இருளின் பக்கம் நிற்கின்றன, வழியில் போகிற மனிதனைத் தாக்குகின்றன. தமிழில் அதையும் காக்கை என்றுதான் சொல்வோம். நம் வீட்டிலோ படையல் சோற்றின் முதல் உருண்டை காக்கைக்கு. டர்பனில் பறக்கும் ஊர்க்காக்கை இந்தியாவில் உள்ள அதே இனம் வேறு. "ஆயாவுக்குச் சோறு வைக்கிறோமே, அந்தக் காக்கையா கெட்டது?" என்று அவள் கேட்டபோது கண் கலங்கியிருந்தது. அவசரமாக மழுப்பாதீர்கள். அது வேறு பறவை, வளர்ந்ததற்கு அலகின் அடி வெளுத்திருக்கும், அந்த ஊர் மக்கள் அதை அப்படிப் பார்த்தார்கள். நாம் நம் காக்கையை இப்படிப் பார்க்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மறுநாள் காலை அவளே சோறு கொண்டு போய் வைத்தாள்.

கதையில் ஆறு சின்னங்கள் தேடப்படுகின்றன. மரம், வெண்கலம், இரும்பு, நீர், நெருப்பு, கல். ஒவ்வொன்றும் கிடைக்கும் மாலையில் வீட்டுப் பொருள் ஒன்றை மேசையில் வைப்போம். இரும்புக்குத் தோசைக்கல், வெண்கலத்துக்குப் பூசைமணி, மரத்துக்கு அகப்பை, கல்லுக்குக் குழவி, நெருப்புக்கு அகல், நீருக்குச் செம்பு. மேலே சொன்னது புத்தகத்தில் உள்ள பாட்டின் வரிசை; அதை வைத்து மரத்தில் தொடங்கிவிடாதீர்கள். வில் முதலில் பெறுவது இரும்பு, அதன்பின் வெண்கலம், மரம், கல், நெருப்பு, நீர் கடைசி. முதல் ஆண்டு நாங்கள் அகப்பையை முதலில் வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. தோசைக்கல்லைப் பதினேழு நாளும் மேசையில் வைக்க முடியாது என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்; இரண்டாவது கல் ஒன்று இருந்தால் வீட்டில் சண்டை வராது.

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இந்த நாவலை வற்புறுத்த வேண்டாம். அச்சம் மெய்யான அச்சமாக எழுதப்பட்ட புத்தகம் இது.

9. ஒரு வரி நோட்டு

ஒவ்வொரு மாலையும் புத்தகத்தை மூடியதும் நோட்டில் நாள், ஆண்டு, ஒரே ஒரு வரி. இரண்டு வரி வேண்டாம். விரிவாக எழுதத் தொடங்கியவர்கள் ஐந்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். கதைச் சுருக்கமும் வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. இன்று எந்த இடத்தில் நின்றேன் என்பதை மட்டும் எழுதுங்கள்.

சென்ற ஆண்டுகளின் வரியை அன்றைய பங்கைப் படித்த பிறகே பாருங்கள். முன்னதாகப் பார்த்தால் பழைய கண்ணாலேயே படிப்பீர்கள்.

என் நோட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். கதையில் நெடுங்காலம் அலைந்து திரியும்படி தண்டிக்கப்பட்ட ஒரு மனிதன் வருகிறான். ஆண்டானின் நம்பிக்கையைக் காட்டிக்கொடுத்தவன். சிறுமியாக நான் அவனை வெறுத்தேன். இருபதுகளில் எழுதிய வரியும் அப்படித்தான்: 'இவனுக்கு இது போதாது.' சில ஆண்டு கழித்து: 'அவனிடம் யாரும் கேட்கவில்லையே.' அம்மா இறந்த ஆண்டு: 'பாவம், கால் வலிக்குமே.' மூன்று வரியும் ஒரே பக்கத்துக்கு எழுதியவை.

2022இல், பதினைந்தாம் நாளுக்கு எதிரே வரி இல்லை. ஏப்ரல் 11, 12இல் டர்பனை வெள்ளம் அடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குக் கீழே சரிவில் ஒரு வீடு இருந்த இடம் செம்மண்ணாகக் கிடந்தது. புத்தகத்தில் பனி உருகி ஆறு ஏறும் இடத்துக்கு வந்தேன். அதுவரை எத்தனையோ முறை ஓடிக் கடந்த பக்கங்கள். நீரின் நிறத்தைக் கூப்பர் எழுதியிருந்த வரியில் நின்றுவிட்டேன், தாண்ட முடியவில்லை. புத்தகத்தை மூடி, நோட்டில் தேதியை மட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் காலையில்தான் மீதியைப் படித்தேன். வெற்றிடமாக விட்டால் அதையும் வெற்றிடமாகவே விடுங்கள், பிறகு நிரப்பாதீர்கள். அடுத்த ஆண்டு அந்த இடத்தைப் பார்க்கும்போது அது பேசும்.

10. கடைசி இரவும் கட்டி வைத்தலும்

ஜூலை 6 இரவு கடைசிப் பக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். உடனே தொடரின் அடுத்த நாவலை எடுக்காதீர்கள். அன்றிரவு வேறு எதையும் படிக்காமல் தூங்கினால் நல்லது.

மறுநாள் பிரதியைப் பக்கம் பக்கமாகத் தட்டி, தூசி போக்கி, துவைத்துக் காயவைத்த பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். டர்பன் கோடையின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வந்த இடத்துக்கு இராமபாணப் பூச்சி வரும். துணி மூச்சு விடும். நோட்டையும் அதே சுற்றில் வைத்துவிடுங்கள். ஜனவரியில் ஒருமுறை பிரித்துப் பார்த்து, படிக்காமல் மறுபடி கட்டுங்கள்.

டிசம்பரில் கை அரிக்கும். உலகெங்கும் இந்த நாவலைப் படிக்கிறவர்கள் அப்போதுதான் தொடங்குவார்கள். 2022இல் பிபிசி உலக சேவை இதை வானொலி நாடகமாக்கி, டிசம்பர் 20 அன்றே ஒலிபரப்பத் தொடங்கியது. நான் அதைக் கேட்காமல் அடுத்த ஜூன் வரை வைத்திருந்தேன். பங்கைப் படித்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டிசம்பரில் ஒரு பக்கம் பார்த்தாலும் ஜூன் மாதத்துக்கு வைத்திருந்த பசி குறையும்.

புதிய ஆண்டின் நாட்காட்டி கோயிலில் கிடைத்ததும், ஆணியில் மாட்டும் முன் ஜூன் தாளைப் புரட்டுங்கள். 20ஐ வட்டமிட்டு, 24, 25ஐ நிரப்பி, ஜூலை 6 வரை பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். பிறகு மாட்டுங்கள்.